ஐந்தாம் அத்தியாயம்: போர்க்கால ஜீப்பும் பழைய லாண்ட் றோவரும் – வடமராட்சியில் ஒரு மீட்புப் பணி

ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் ஒரு கேள்விக்கு விடை காணுங்கள்: இந்த வண்டியை எந்த ஆண்டுக்குத் திருப்பப் போகிறீர்கள்? 1944இல் செய்த வில்லிஸ் ஜீப் ஒன்று இராணுவத்தில் ஓடியது ஓரிரு வருடமாக இருக்கும். அதன்பின் பல பத்தாண்டுகள் ஒரு திணைக்களத்திலோ தோட்டத்திலோ குடும்பத்திலோ உழைத்திருக்கும். அதன் உடம்பில் உள்ள ஒட்டும் தட்டும் பெரும்பாலும் அந்த இரண்டாவது வாழ்க்கையில் வந்தவை. நீங்கள் எந்த வாழ்க்கையை மீட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே செலவு, உதிரிப்பாகம், நிறம், சட்டச் சிக்கல் எல்லாம் அமையும்.

அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளுக்கே வண்டியைத் திருப்புகிறார்கள். போல்ற் தலையில் உள்ள எழுத்து முதல் படைப்பிரிவு எண் வரை சரிபார்ப்பார்கள். நெல்லியடியில் இருந்துகொண்டு அதைப் பின்பற்ற வேண்டாம் என்பதே இந்த நூலின் ஆலோசனை. 1987 ஜூலை 5 அன்று நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாம் மீது வெடிமருந்து ஏற்றிய லொறி மோதிய ஊர் இது. இங்கே பச்சை நிறத்தில் ஒரு ஜீப் சந்தியைக் கடந்தால், பார்ப்பவர்களுக்கு உலகப்போர் ஞாபகம் வராது. அவரவர் வீட்டுப் படலையில் நின்ற வண்டிதான் ஞாபகம் வரும். படைச் சின்னம், உருமறைப்பு நிறம், ஆயுதத் தாங்கி போன்றவை சோதனைச் சாவடியிலும் உங்களை வில்லங்கத்தில் மாட்டும். வண்டி உழைத்த காலத்துக்கே அதைத் திருப்புங்கள். சாம்பல், வெளிர்நீலம், மண்ணிறம் என்று அது குடிமை வாழ்க்கையில் அணிந்த நிறம் பழைய பெயின்றைச் சுரண்டும்போது அடியில் கிடைக்கும்.

எந்த வண்டி கையில் இருக்கிறது?

வடக்கில் பழைய வாகனம் என்றால் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகியவையே முதலில் நினைவுக்கு வரும். அவற்றுக்குத் தனி அத்தியாயம் உண்டு. இராணுவ வேர் கொண்ட வண்டிகளில் ஒரு பொழுதுபோக்காளர் தாங்கக்கூடியவை இரண்டு.

முதலாவது ஜீப். 1941 முதல் 1945 வரை வில்லிஸ் நிறுவனம் எம்.பி. என்ற பெயரிலும், போர்ட் நிறுவனம் ஜி.பி.டபிள்யூ. என்ற பெயரிலும் ஒரே வடிவில் 6 இலட்சத்துக்கு மேல் செய்தன. முன் கிறில்லில் ஒன்பது பிளவுகள் இருந்தால் அது பெரும்பாலும் போர்க்கால ஜீப். ஏழு பிளவும், பெரிய முன்விளக்கும், பின்கதவும் இருந்தால் போருக்குப் பிந்திய சி.ஜே. வகை. கிறில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் சேசிசையும் பாருங்கள். றேடியேற்றருக்குக் கீழே போகும் முன் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த தொட்டி வடிவில் இருந்தால் போர்ட். வில்லிஸ் சேசிஸ் எண், முன் பம்பருக்குப் பின்னால் இடப்பக்கச் சட்டத்தின் உட்புறத்தில் சிறு தகடாக அறையப்பட்டிருக்கும். போர்ட் எண் இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில் நேரடியாகக் குத்தப்பட்டிருக்கும்.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கிப் பிறகு சி.ஜே.-3பி வகையை நீண்டகாலம் செய்தது. அதன் எஞ்சினின் கீழ்ப்பாதி போர்க்கால ஜீப் எஞ்சினின் வழிவந்தது. உதிரிப்பாகம் தேடும்போது இந்த உறவு உங்களுக்குப் பெரிய உதவி.

இரண்டாவது லாண்ட் றோவர். 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. முதல் வகை 1958 வரையும், இரண்டாம் வகையும் அதன் ‘ஏ’ வடிவமும் 1971 வரையும், மூன்றாம் வகை 1985 வரையும் வந்தன. உடல் அலுமினியக் கலவை. சேசிசும் முன் தடுப்புச் சுவரும் உருக்கு. வெளியே பார்த்தால் கறளே இல்லாததுபோல் தோன்றும். அதை நம்பி விலை பேசாதீர்கள்.

முதல் வண்டி தேடுபவருக்கு லாண்ட் றோவரையே சொல்வேன். 12 வோல்ற் மின்சாரம், வலப்பக்க ஸ்ரியறிங், எளிதில் கிடைக்கும் பாகங்கள் என்று அதற்கு மூன்று வசதி உண்டு. போர்க்கால ஜீப் 6 வோல்ற்றில் ஓடுவது, ஸ்ரியறிங் இடப்பக்கம், நம் வீதியில் முந்திச் செல்ல எதிர்ப்பக்கம் தெரியாது. பொறுமையும் ஒரு நல்ல கண்ணாடியும் உள்ளவருக்கே அது.

முதலில் புத்தகம், பிறகு வண்டி

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வீடுகளில் வாகனப் பதிவுப் புத்தகம் தொலைந்தது. வண்டி வளவில் நிற்கும். உரிமையாளர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் விற்க முன்வருவார். முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டி எண்ணைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தைப் பெறுங்கள். பதிவில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண், நிறம் ஆகியவற்றை வண்டியோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றிய வண்டிகள் இங்கே அதிகம். மாற்றம் பதியப்படாவிட்டால் அந்த வேலை உங்கள் தலையில் விழும். உரிமையாளரோ அவரது வாரிசோ கையொப்பமிட்ட பின்பே காசு கைமாறட்டும்.

எண் தகடே ஒரு வரலாற்றுச் சான்று. 1957 வாக்கில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து எண் தகட்டுக்கு வந்தது. அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் வடக்கில் அந்த எழுத்தின் மேல் தார் பூசப்பட்டது. அதற்கு முந்திய வண்டிகள் ஆங்கில எழுத்துகளில் பதிவானவை. பழைய எண்ணை வைத்திருக்கும் வண்டியில் தகட்டைப் புதிதாக்க அவசரப்படாதீர்கள்.

2022இல் எரிபொருள் பங்கீடு வந்தபோது வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணும் பொருந்தினால்தான் கியூஆர் அட்டை கிடைத்தது. புத்தகம் இல்லாத வண்டிக்குச் சொட்டுப் பெற்றோலும் இல்லை. ஆவண வேலையைப் பின்னுக்குத் தள்ளுவோருக்கு இந்த ஒரு நினைவூட்டல் போதும்.

சுத்தியலோடு ஒரு சுற்று

வண்டியைப் பார்க்கப் போகும்போது சிறு சுத்தியல், ரோச், பழைய சாரம் ஒன்று கொண்டுபோங்கள். சாரத்தை விரித்து வண்டியின் கீழ் படுத்துத் தட்டிப் பாருங்கள். நல்ல உருக்கு கணீரென்று ஒலிக்கும். கறள் தின்ற இடம் மங்கிய ஓசை தரும்.

- லாண்ட் றோவரில்: பின் குறுக்குச்சட்டம், வில் தாங்கிகள், சேசிசிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், முன் தடுப்புச் சுவரின் கால் வைக்கும் குழி, கதவுத் தூண்.
- ஜீப்பில்: தரைத் தகட்டின் கீழ் உள்ள தொப்பி வடிவச் சட்டங்கள். அவற்றின் உள்ளே மரக்கட்டை செருகப்பட்டிருக்கும். அது ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே கறளை வளர்க்கும். கட்டையை மாற்றாமல் தகட்டை மட்டும் ஒட்டினால் ஒட்டு நிலைக்காது.
- இரண்டிலும்: அலுமினியமும் உருக்கும் அல்லது பித்தளையும் உருக்கும் தொட்டுக்கொள்ளும் இடங்கள். உப்புக் காற்றில் இரண்டு உலோகங்களுக்கிடையே சிறு மின்னோட்டம் பிறந்து, பலவீனமான உலோகம் உதிரும்: அலுமினியம் வெள்ளைப் பொடியாக, பித்தளையைத் தொடும் உருக்கு கறளாக. இடையில் றப்பர் அல்லது தடித்த பெயின்ற் போட்டால் ஓட்டம் நிற்கும்.

எஞ்சினைப் பார்க்கும்போது இந்த மண்ணுக்கே உரிய ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது மண்ணெண்ணெயில் ஓடியதா? 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதானது. கொஞ்சப் பெற்றோலை ஊற்றி ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். இது நடந்ததற்குக் காரணம் பழைய எஞ்சின்களின் குறைந்த அமுக்கம். ஜீப்பின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 6.5க்கு 1. தரம் குறைந்த எரிபொருளுக்கென்றே வடிவமைக்கப்பட்டதால் மண்ணெண்ணெயையும் ஓரளவு சகித்தது. அந்த வாழ்க்கை விட்டுச்சென்ற தடயங்கள் நான்கு: பிஸ்ரனிலும் வால்விலும் தடித்த கரி, எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து மெலிந்ததால் தேய்ந்த பெயாறிங், பின்தள்ளி வைத்த இக்னிசன், சிலவற்றில் அமுக்கத்தைக் குறைக்க மாற்றிப் போட்ட தடித்த ஹெட் காஸ்கற். இன்று 92 ஒக்ரேன் பெற்றோல் இந்த எஞ்சின்களுக்குத் தாராளம். அந்தத் தடயங்களை நீக்காமல் காபரேற்றரை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் வண்டி ஒருநாளும் சீராக ஓடாது.

இறுகிய எஞ்சினை எழுப்புதல்

பல வருடம் நின்ற எஞ்சினைக் கயிறு கட்டி இழுத்து ஸ்ராட் செய்வது இங்கே பழக்கம். இறுகிய வால்வும் வளையமும் அந்த ஒரே இழுவையில் உடையும். இந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள்:

1. பற்றறியைக் கழற்றுங்கள். பழைய பெற்றோலை வெளியே எடுங்கள். ஜீப்பிலும் லாண்ட் றோவரிலும் பெற்றோல் தாங்கி பெரும்பாலும் இருக்கைக்குக் கீழே இருப்பதால் ஒழுக்கு உங்கள் மடிக்குக் கீழே நடக்கும். தாங்கியை ஒட்டுவேலைக்குக் கொடுக்கவே வேண்டாம், ஆவி வெடிக்கும்.
2. புளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கியர் ஒயிலும் டீசலும் கலந்து கொஞ்சம் ஊற்றி ஒரு கிழமை விடுங்கள்.
3. ஒயில் தொட்டியைக் கழற்றி அடியில் படிந்த சேற்றை வழித்தெடுங்கள். இதைச் செய்யாமல் இன்றைய ஒயிலை ஊற்றினால் அது சேற்றைக் கரைத்து ஒயில் வழிகளை அடைக்கும்.
4. கைவிசையால் இரு பக்கமும் மெல்ல அசையுங்கள். பெருவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வையுங்கள்; சுற்றிப் பிடிக்காதீர்கள். எஞ்சின் பின்னால் உதைத்தால் பெருவிரலோ மணிக்கட்டோ முறியும்.
5. ஜீப்பின் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் நிற்பவை. பக்க மூடியைக் கழற்றினால் எது இறுகியது என்பது கண்ணுக்குத் தெரியும்.
6. தாராளமாகச் சுழன்றபின் நான்கு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளவிடுங்கள். ஒவ்வொன்றின் அளவைவிட நான்குக்கும் இடையிலான வேறுபாடு முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் ஹெட்டைக் கழற்றுங்கள்.
7. காஸ்கற் மாற்றி, பொயின்ற் சீராக்கி, புதிய பெற்றோலைத் தனிப் போத்தலில் இருந்து கொடுத்து ஸ்ராட் செய்யுங்கள். இரண்டு எஞ்சினிலும் தீ மூட்டும் ஒழுங்கு 1-3-4-2.

6 வோல்ற் ஜீப் மெதுவாகச் சுற்றினால் ஸ்ராற்றரைக் குறை சொல்லுமுன் பற்றறி வயரைப் பாருங்கள். யாரோ 12 வோல்ற் காரின் மெல்லிய வயரைப் போட்டிருப்பார்கள். வோல்ற் பாதியானால் அதே வேலைக்கு மின்னோட்டம் இரட்டிப்பாகும். தடித்த வயர் தேவை. 1960களின் நடுப்பகுதி வரையான லாண்ட் றோவர்களில் நேர்முனையே சேசிசில் பூட்டப்பட்டிருக்கும். புதுப் பற்றறி போடும் பொடியன் வழக்கப்படி மாற்றிப் பூட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறேக்கும் சில்லும்: இங்கே சிக்கனம் வேண்டாம்

இந்த வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சில்லுக்கும் ஒரே பிறேக் சுற்று. ஒரு குழாய் விட்டால் நான்கும் போகும். பழைய உருக்குக் குழாய்களைச் சுத்தம் செய்து திரும்பப் போடாதீர்கள். எல்லாவற்றையும் செம்பு-நிக்கல் குழாயாக மாற்றுங்கள். சில்லு சிலிண்டர் றப்பர்களும் அப்படியே. பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கைபிறேக் சில்லில் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டில் பிடிக்கிறது. நிறுத்திய பிறகு மட்டும் இழுங்கள். ஓடும்போது இழுத்தால் தண்டும் பின் அச்சும் அடி வாங்கும்.

பழைய பிறேக் லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். கொம்பிரசரால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துத் துணியைப் பொதிந்து எறியுங்கள். இராணுவ மானிகளில் இருளில் ஒளிர்வதற்குக் கதிர்வீச்சுள்ள பூச்சு இருந்திருக்கலாம். கண்ணாடியைத் திறந்து சுரண்ட வேண்டாம்.

போர்க்கால ஜீப்பின் சில்லு இரண்டு தட்டுகளைப் போல்ற்றால் இணைத்தது. காற்று இருக்கும்போது அந்தப் போல்ற்றைத் தளர்த்தினால் தட்டுப் பறந்து ஆளைக் கொல்லும். ரயர் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். பக்கத்தில் நின்று, வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதும் போனதைக் கண்ட பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

சுண்ணாம்புத் தண்ணீரும் உப்புக் காற்றும்

குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. குடிக்க இனிக்கும் கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு நிறைய உண்டு. தேநீர்க் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படைதான் றேடியேற்றர் குழாய்களிலும் படிகிறது. வண்டி சூடாகிறது என்று மெக்கானிக் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவார். பிறகு எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடி, ஒயிலில் ஈரம் சேர்ந்து சேறாகும். றேடியேற்றரைக் கழற்றிச் சிற்றிக் அமிலக் கரைசலால் கழுவி, நல்ல தண்ணீரால் பலமுறை அலசுங்கள். தேர்மோஸ்ரற்றைத் திரும்பப் போடுங்கள். ஊற்றுவது வடித்த நீரும் கூலன்ரும் கலந்ததாக இருக்கட்டும். வடித்த நீர் இல்லாவிட்டால் மாரியில் முதல் மழை ஓட்டைக் கழுவிப் போன பிறகு ஏந்திய மழைநீர் கிணற்றுத் தண்ணீரைவிட நல்லது.

கழற்றிய சிறு பாகங்களின் கறளை நீக்க மின்பகுப்பு முறை மலிவானது. பிளாஸ்ரிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசல். கறள் பிடித்த பாகத்தில் பற்றறி சார்ஜரின் எதிர்முனை. பக்கத்தில் தொங்கும் வேண்டாத இரும்புத் துண்டில் நேர்முனை. அந்தத் துண்டு எவர்சில்வராக இருக்கக் கூடாது. நச்சுக் குரோமியம் கரையும். அலுமினியப் பாகத்தை இதில் இடாதீர்கள். ஹைட்ரஜன் வாயு எழுவதால் வெளியில் வைத்துச் செய்யுங்கள். பக்கத்தில் சுருட்டு வேண்டாம்.

சோதனை ஓட்டத்துக்கு வல்லை வெளி ஏற்ற இடம்: நேர் வீதி, மேடு பள்ளம் இல்லை. ஆனால் அது உவர்நிலம். மழையில் அந்த வழியால் வந்தால் அன்றே சேசிசின் அடியைக் கழுவுங்கள். சவர்த் தண்ணீரால் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவது மேல்.

பாகம் எங்கே, பணியாள் எங்கே

கொழும்பில் பஞ்சிகாவத்தை, சென்னையில் புதுப்பேட்டை ஆகிய இரண்டும் தேடலின் தொடக்கம். ஜீப் எஞ்சின், கியர்ப் பாகங்களுக்கு மகிந்திராப் பாகம் பெரும்பாலும் பொருந்தும். பழையதைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். பலாலி–சென்னை விமானமும் காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலும் வந்தபின் காஸ்கற், பெயாறிங் போன்றவற்றைப் பயணிகளிடம் சொல்லி எடுப்பது எளிதாகியிருக்கிறது. லாண்ட் றோவர் றப்பர்களுக்கு இலண்டன் உறவினரைக் கேளுங்கள். பாக எண்ணை எழுதிக் கொடுங்கள். படத்தை மட்டும் அனுப்பினால் வேறொன்று வரும்.

ஜீப் வேலைக்கு 1944இல் அமெரிக்க இராணுவம் வெளியிட்ட டி.எம். 9-803 கைநூலைத் தேடிப் பிடியுங்கள். படங்கள் தெளிவானவை, ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவருக்கும் உதவும்.

வேலைக்கு ஆள் தேட ஊருக்கு வெளியே போகத் தேவையில்லை. உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர், தண்ணீர்ப் பம்ப் திருத்தும் கைகளுக்கு இந்த எஞ்சின் அந்நியம் அல்ல. கடைச்சல் பட்டறையில் புஷ் கடைந்து தருவார்கள். வயது சென்ற மெக்கானிக் ஒருவரைக் கண்டால் அவரை வண்டிக்கு அருகில் கதிரை போட்டு இருத்திக் கேளுங்கள்; தடைக்காலத்தில் எதை எதால் மாற்றி ஓட்டினார்கள் என்ற அறிவு அவர்களோடு போய்விடும். அப்படி மாற்றிய பாகம் ஒன்று வண்டியில் இருந்து அது பாதுகாப்புக்குக் குறை வைக்காவிட்டால், அசல் பாகம் கிடைத்தாலும் கழற்ற வேண்டாம். அந்த வண்டி இங்கே வாழ்ந்ததற்கு அதுவே சாட்சி.

ஒரு எச்சரிக்கை. பற்றைக்குள் கிடக்கும் போர்க்கால வாகன எச்சத்திலிருந்து பாகம் எடுக்கப் போகாதீர்கள். முகமாலைப் பக்கத்தில் போர் முடிந்து பல வருடமாகியும் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. வெடிக்காத எறிகணை பழைய இரும்போடு இரும்பாகவே கிடக்கும். கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

வருடத்தின் ஒழுங்கு

- புரட்டாதி, வாடை தொடங்குமுன்: சேசிசின் உட்குழிகளுக்குள் மெழுகு அல்லது கெட்டி ஒயில் தெளிப்பு, வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறத்தல், வைப்பர், விளக்கு சோதனை.
- மாரி முழுவதும்: வெற்றிடத்தில் ஈரம் படியாமல் இருக்கப் பெற்றோல் தாங்கியை நிரப்பி வைத்தல், கிழமைக்கு ஒருமுறை எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்வரை வீதியில் ஓட்டம். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிடுவது நன்மையைவிடத் தீமை.
- தை, மழை ஓய்ந்ததும்: சில்லுகளைக் கழற்றிப் பிறேக், அச்சு ஒயில், கிறீஸ் நிப்பிள்கள் எல்லாம். கியர்ப்பெட்டியில் பித்தளை வளையங்கள் இருப்பதால் ஜி.எல்.-4 தர ஒயிலே ஊற்றுங்கள்.
- வைகாசி, சோளகம் எழும்போது: காற்றுச் சல்லடை சுத்தம். புழுதிதான் சிலிண்டரைத் தின்னும்.
- வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனையும் முடியும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே காபரேற்றரைச் சீராக்குங்கள்.

கடைசியாக, ஒரு கொப்பி வாங்கி வண்டிக்குள் வையுங்கள். எந்தப் பாகம், எந்தத் திகதி, யார் பூட்டினார், முன்பு அதில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். கழற்றிய பாகத்தின் படத்தையும் ஒட்டுங்கள். உங்களுக்குப் பிறகு இந்த வண்டியை வாங்குபவர் அதை எந்த ஆண்டுக்குத் திருப்புவது என்று முடிவு செய்ய வேண்டி வரும்போது, நீங்கள் செய்ததைச் சுத்தியலால் தட்டி ஊகிக்காமல் வாசித்து அறியட்டும்.